மிஸ் எந்தச் சிலிண்டரில்? பழைய காரில் விடாத மிஸ்ஸைப் பிடிக்கும் வழி

பிளக் மாற்றியாயிற்று. வயர் செட் புதிது. கார்புரேற்றரை இரண்டு தடவை கழற்றிக் கழுவியும் பார்த்தாயிற்று. மிஸ், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் இஞ்சின் தடுமாறுவது, மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்தது கொயிலாக (பற்றரி மின்சாரத்தை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ற்றாக மாற்றும் சுருள்) இருக்குமோ என்ற யோசனை வருவது இந்த இடத்தில்தான். அந்தக் காசைக் கொஞ்சம் பொறுத்து வையுங்கள். எந்தச் சிலிண்டர் எரியவில்லை, எந்த நேரத்தில் எரியவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் மாற்றுகிற ஒவ்வொரு சாமானும் லொத்தர் சீட்டுத்தான். அதிலும் பழைய கார்களுக்கு இன்று கிடைக்கும் புதுச் சாமான்களில் சில, கழற்றி எறிந்த பழையதைவிட மோசம். ஒரு பிழையைத் தேடப்போய் இரண்டாவது பிழையைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்டிவிட்டால், பிறகு எந்தப் பாஸுக்கும் (மெக்கானிக்குக்கும்) அது இலகுவில் பிடிபடாது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் கைவிட்டிருக்க வேண்டிய எத்தனையோ கார்கள் இன்னும் ஓடுகின்றன: கேஈ70 கொறோலா, நிசான் சன்னி, லான்சர், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். கீழே சொல்வது முக்கியமாக இவற்றுக்கு, அதாவது டிஸ்ரிபியூற்றரும் (ஸ்பார்க்கை ஒழுங்குப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுப்பது) கார்புரேற்றரும் (பெற்றோலைக் காற்றோடு கலப்பது) உள்ள நாலு சிலிண்டர் இஞ்சினுக்கு. இன்ஜெக்டர் வந்த தொண்ணூறுகளின் கார்களுக்கு நடுவில் ஒரு பந்தி இருக்கிறது.

தேவையான சாமான் அதிகமில்லை. பிளக் ஸ்பனர், ஃபீலர் கேஜ், சாதாரண மல்டிமீற்றர், பிளாஸ்ரிக் உறை போட்ட குறடு, நல்லதென்று தெரிந்த ஒரு பிளக், ஒரு சிரிஞ்ச். கம்பிரஷன் கேஜும் டைமிங் லைற்றும் இரவல் வாங்கினால் போதும். பெற்றோலும் ஸ்பார்க்கும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற வேலை இது. ஒரு வாளி காய்ந்த கடல் மணல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் காது, பிறகு கை

இஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, சைலன்சர் வாய்க்குப் பின்னால் போய் நில்லுங்கள். நாலு விரல் அகலக் கடதாசித் துண்டொன்றை வாயிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். நல்ல இஞ்சினில் கடதாசி ஒரே சீராக வெளியே தள்ளப்பட்டு நிற்கும். ஒரே தாளத்தில் 'டப்... டப்...' என்று விட்டுவிட்டுத் துடித்தால், குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் ஒவ்வொரு சுற்றிலும் தவறுகிறது. தாளமே இல்லாமல் எப்போதாவது தடுமாறினால் பிழை எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: கொயில், றோட்டர் (டிஸ்ரிபியூற்றருக்குள் சுற்றி ஸ்பார்க்கைப் பிரிக்கும் துண்டு), பொயின்ற் (கொயிலின் மின்சாரத்தை வெட்டி இணைக்கும் சுவிச்), கண்டென்சர் (பொயின்ற்றில் பொறி எழாமல் அடக்குவது), பெற்றோல் வரத்து, காற்றுக் கசிவு. கடதாசி இடைக்கிடை உள்ளே இழுபட்டுக் குழாயோடு ஒட்டினால் எக்ஸோஸ்ற் வால்வு ஒன்று எரிந்திருக்க நல்ல வாய்ப்பு. அப்படிக் கண்டால் பிளக்கோடு மினக்கெடாமல் நேரே கீழே வரும் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கப்படும் அழுத்தம்) பகுதிக்குப் போங்கள்.

அடுத்தது எப்போது என்பது. திருகோணமலையில் இதைக் கண்டுபிடிக்கக் காலநிலையே அரைவாசி வேலையைச் செய்து தரும். மாரி மழை பிடித்த நாட்களில் காலையில் மட்டும் மிஸ் அடித்து, இருபது நிமிடத்தில் தானாக விட்டால் அது ஈரம். டிஸ்ரிபியூற்றர் மூடி, வயர், கொயிலின் கழுத்து, இந்த மூன்றைத் தாண்டித் தேட வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் ஓடி நிறுத்தி, கால் மணித்தியாலம் கழித்து எடுத்தால் தடுமாறுகிறது என்றால் பெற்றோல் சூடேறி ஆவியாவதையும், சூட்டில் விட்டுப்போகும் கொயிலையும் கண்டென்சரையும் சந்தேகியுங்கள். குளிரில் நன்றாக ஓடி, சூடான பிறகு ஐடிலில் மட்டும் ஒரு சிலிண்டர் விடுகிறது என்றால் வால்வு இடைவெளி இறுகியிருக்கலாம்.

பாரம் ஏற்றிப் பார்க்க ஓர்ஸ் ஹில் ஏற்றமோ, கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையோ போதும். வழமையைவிட ஒரு கியர் கூட்டி வைத்து மெதுவாக ஏறும்போது அக்சிலேற்றரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக் கூட ஸ்பார்க் பாய்வதற்குக் கூடுதல் வோல்ற் வேண்டும். பலவீனமான கொயில், வெடித்த பிளக், கசியும் வயர் எல்லாம் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். ஏற்றத்தில் நன்றாக இழுத்து ஐடிலில் மட்டும் மிஸ் அடிக்கிற கார் பெரும்பாலும் காற்றுக் கசிவு, அடைபட்ட ஐடில் ஜெற், அல்லது வால்வு. நிலாவெளி வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது விட்டுவிட்டு வெட்டினால் பெற்றோல் வரத்துப் பக்கம் பாருங்கள்.

எந்தச் சிலிண்டர்

வழமையான முறை: ஐடிலைக் கொஞ்சம் கூட்டி 1000 ஆர்பிஎம் அளவில் வைத்து, பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவது. நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இஞ்சின் தளர்ந்து குலுங்கும். கழற்றியும் ஒரு மாற்றமும் தெரியாத சிலிண்டர்தான் குற்றவாளி. பொயின்ற் உள்ள காரில் உறையிட்ட குறடால் இதைச் செய்யலாம். மற்றக் கை கார் உடம்பில் படக்கூடாது. காய்ந்த ரப்பர்ச் செருப்புப் போட்டிருங்கள். ரான்சிஸ்டர் இக்னிஷன் உள்ள காரில் வயரை அந்தரத்தில் விட்டால் மொடியூலும் கொயிலும் எரியக்கூடும். அங்கே இஞ்சினை நிறுத்தி, அந்த வயரில் உபரிப் பிளக்கைக் கொளுவி, பிளக்கின் உலோக உடம்பை இஞ்சினோடு கம்பியால் இறுக்கிக் கட்டி, பிறகு ஸ்ராட் பண்ணுங்கள். நாலு தடவை நிறுத்தி எடுப்பது அலுப்புத்தான், மொடியூல் விலையை நினைத்தால் அலுப்புத் தெரியாது. எரியாத பெற்றோல் வெளியே போவதால் கற்றலிற்றிக் கொன்வேட்டர் உள்ள காரில் நீண்ட நேரம் இப்படி ஓடவிட வேண்டாம்.

கையில் ஷொக் வாங்காத முறை ஒன்றும் இருக்கிறது. இரவு முழுக்க நின்று குளிர்ந்த இஞ்சினை எடுத்து, ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து எக்ஸோஸ்ற் மனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும், சிலிண்டர் தலைக்குக் கிட்ட, ஒவ்வொரு துளி விடுங்கள். எரிகிற சிலிண்டரில் துளி 'சுர்' என்று பறந்துவிடும். எரியாததில் துளி அப்படியே உட்கார்ந்து மெதுவாக வழியும். துளிதான், ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு சூட்டில் வெடிக்கும்.

விடை மூன்று விதமாக வரலாம். ஒரே ஒரு சிலிண்டர் என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு என்றால், அதுவும் 2ம் 3ம் என்றால், ஹெட் காஸ்கெற் இரண்டுக்கும் நடுவில் போயிருக்கலாம். முதலில் கம்பிரஷன் எடுங்கள். ஆனால் வயர் செட் மாற்றிய அன்றிலிருந்து இரண்டு சிலிண்டர் விடுகிறது என்றால் சிரிக்க வேண்டாம், வயர் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன கார்களில் எரியும் ஒழுங்கு 1-3-4-2. டிஸ்ரிபியூற்றர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை மூடியைக் கழற்றி, இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தத் திசையில் எண்ணுங்கள். இந்த ஒழுங்கில் 3க்கு அடுத்து 4, 2க்கு அடுத்து 1 எரிகிறது. ஆகவே 3, 4 வயர்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சமாந்தரமாகக் கட்டி வைத்தால், ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட்டு 4 முன்கூட்டியே எரியும். 1, 2 வயர்களுக்கும் அதேதான். அழகுக்காக எல்லா வயரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டுவது இந்தக் கார்களுக்கு ஆகாது.

மிஸ்ஸை இடம் மாற்றிப் பாருங்கள்

3ஆம் சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். 3இன் பிளக்கை 1க்கும் 1இன் பிளக்கை 3க்கும் போடுங்கள். வேறொன்றையும் தொட வேண்டாம். திரும்பச் சோதியுங்கள். மிஸ் 1க்குப் போய்விட்டதா? பிளக். 3இலேயே நிற்கிறதா? இப்போது வயரை மாற்றுங்கள் (நீளம் எட்டாவிட்டால் நல்ல வயர் ஒன்றை இரவல் வாங்குங்கள்). மிஸ் வயரோடு போனால் வயர். அப்போதும் 3இலேயே நின்றால் டிஸ்ரிபியூற்றர் மூடியின் 3ஆம் துளை, வால்வு, பிஸ்டன் வளையம், அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்று வழி, இவ்வளவுதான் மிச்சம். செலவு ஒரு சதமும் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிளக்கையும் வயரையும் ஒரே நேரத்தில் மாற்றி மிஸ் போனால், எது பிழை என்று தெரியாமலே ஒரு நல்ல சாமானை எறிவீர்கள்.

கழற்றிய பிளக்கை வெயிலில் வைத்துப் பாருங்கள். காய்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம் அல்லது ஸ்பார்க் இல்லை. எண்ணெய் பளபளப்பு என்றால் வளையம் அல்லது வால்வு கைட். சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்று அதிகம், அந்தச் சிலிண்டர் பக்கத்தில் கசிவு. வெள்ளைப் பீங்கானின் வெளிப்பக்கத்தில், மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறினது போல மெல்லிய கோடு தெரிகிறதா? அது அழுக்கு இல்லை. ஸ்பார்க் உள்ளே போகாமல் வெளிப்பக்கத்தால் இறங்கின பாதை. துடைத்தாலும் பயனில்லை, பிளக்கையும் அதற்கு மேலிருக்கும் ரப்பர் மூடியையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய மூடியின் உள்ளேயும் அதே கோடு இருக்கும், புதுப் பிளக்கையும் அது கெடுத்துவிடும். பிளக் மாற்றியும் இரண்டு கிழமையில் திரும்ப வருகிற மிஸ்ஸுக்கு இது ஒரு பிரதான காரணம்.

பேரில் ஆர் எழுத்து உள்ள பிளக்குகளுக்குள் சுமார் 5 கிலோ ஓம் தடை இருக்கும். மேல் முனைக்கும் உள் முனைக்கும் மீற்றரை வைத்துப் பாருங்கள். நாலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் முடிவிலி காட்டினால் அது செத்தது. பெட்டியோடு புதிதாக வந்தாலும் பூட்டுமுன் ஒரு தடவை அளப்பது நல்லது, போலிகள் உலவுகின்றன. கரி வயர்களை அளந்தால் ரொயொட்டாவின் உச்ச வரம்பு ஒரு வயருக்கு 25 கிலோ ஓம். அளக்கும்போது வயரை வளைத்து ஆட்டுங்கள். ஆட்டும்போது எண் துள்ளினால் உள்ளே அறுந்திருக்கிறது.

டிஸ்ரிபியூற்றருக்குள்

விடாத மிஸ்களில் அதிகமானவை இந்தக் கிண்ணத்துக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. கடற்கரையோரம் நிறுத்தும் கார்களுக்கு இன்னும் அதிகம். உப்புக் காற்று மூடியின் துளைகளில் பச்சை பூக்கவைக்கும், அந்தப் பச்சையோடு ஈரம் சேர்ந்தால் மின்சாரத்துக்குக் குறுக்கு வழி. இருட்டான பிறகு போனற்றைத் திறந்து, இஞ்சினை ஓடவிட்டு, பூச்சாடிக்குத் தெளிக்கிற போத்தலால் மூடியிலும் வயரிலும் மெல்லிய பனி போலத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீல நூல் நூலாக ஓடும் இடம்தான் கசிவு. மூடியின் உட்பக்கத்தில் துளைக்குத் துளை மயிரிழைக் கோடு இருந்தால் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், மாற்றுங்கள். நடுவில் இருக்கும் கரித் துண்டு ஸ்பிரிங்கோடு எழும்பி அமர்கிறதா என்றும் விரலால் அமத்திப் பாருங்கள்.

றோட்டர் பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே உள்ளே கசியக்கூடியது. கண்ணால் பிடிபடாது. சோதனை இப்படி: மூடியைக் கழற்றுங்கள், றோட்டர் இடத்திலேயே இருக்கட்டும். பொயின்ற் மூடியிருக்கும் நிலைக்கு இஞ்சினைச் சுற்றி, இக்னிஷனைப் போடுங்கள். கொயிலிலிருந்து வரும் நடு வயரை உறையிட்ட குறடால் பிடித்து, அதன் முனையை றோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேல் 5 மிமீ உயரத்தில் நிறுத்துங்கள். இப்போது பிளாஸ்ரிக் பிடி போட்ட சின்ன ஸ்குறூ ட்ரைவரால் பொயின்ற்றைத் தட்டித் திறவுங்கள். றோட்டர் நல்லதென்றால் ஸ்பார்க்குக்குப் போக இடமில்லை, ஒன்றும் பாயாது, அல்லது முதல் தடவை மெல்லியதாக ஒன்று. ஒவ்வொரு தட்டுக்கும் 'டக் டக்' என்று பாய்ந்தால் றோட்டர் ஊடாக மின்சாரம் அச்சுக்கு இறங்குகிறது. அந்த றோட்டரோடு எத்தனை கொயில் மாற்றினாலும் பாரத்தில் மிஸ் அடித்துக்கொண்டே இருக்கும்.

பொயின்ற் இடைவெளி கொறோலாவின் 4கே இஞ்சினுக்கு 0.45 மிமீ, டுவெல் (பொயின்ற் மூடியிருக்கும் கோண அளவு) 52 டிகிரி. மொறிஸ், ஒஸ்ரின் போன்றவற்றின் லூக்காஸ் டிஸ்ரிபியூற்றருக்கு 0.35 முதல் 0.40 மிமீ, டுவெல் 60 டிகிரி அளவு. தேய்ந்த பொயின்ற்றில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முகடும் விழும். ஃபீலர் கேஜ் முகட்டில் நின்று பொய் சொல்லும். டுவெல் மீற்றர் கிடைத்தால் அதை நம்புங்கள். ஐடிலில் ஒரு டுவெல், 2000இல் 3 டிகிரிக்கு மேல் வேறு டுவெல் என்றால் அச்சு ஆடுகிறது. றோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கைக்கே தெரியும். அந்த நிலைக்குப் போன டிஸ்ரிபியூற்றரில் பொயின்ற் எத்தனை புதிதானாலும் இடைவெளி நிற்காது. புஷ் போட்டுத் திருத்த வேண்டும், அல்லது கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் பாவித்த ஒன்று தேட வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் (ஸ்பார்க் பாயும் நேரமும்) மாறும், ஆகவே முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங்.

கண்டென்சர் 0.20 முதல் 0.25 மைக்ரோஃபரட் வரை இருக்கும். போகும்போது சூட்டில்தான் முதலில் போகும். பொயின்ற் முகம் நீலமாகக் கருகும், திறக்கும் நேரத்தில் அதில் பெரிய பொறி தெரியும், பிளக்கில் ஸ்பார்க் மஞ்சளாக மெலிந்துவிடும். புதுக் கண்டென்சர் பூட்டிய பிறகு மிஸ் கூடியது என்றால் சந்தேகப்படாமல் பழையதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

பெரும்பாலானோர் பார்க்காமல் விடுகிற இடம் ஒன்று: டிஸ்ரிபியூற்றருக்குள்ளே பொயின்ற்றுக்குப் போகும் சின்ன வயரும், தட்டை எர்த் ஆக்கும் பின்னல் வயரும். வக்கூம் அட்வான்ஸ் (இஞ்சினின் உறிஞ்சலால் ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் அமைப்பு) தட்டை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் இவை வளைகின்றன. வருடக் கணக்கில் வளைந்து, உறைக்குள்ளேயே அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடக்கும். ஐடிலில் சுத்தமாக ஓடி, அக்சிலேற்றரைத் தொட்டதும் வெட்டும். வக்கூம் குழாயைக் கழற்றி, மனிஃபோல்ட் பக்க வாயை ஒரு ஆணியாலோ ஸ்குறூவாலோ அடைத்துவிட்டு ஓடிப் பாருங்கள். வெட்டு நின்றால் இந்த வயர்தான். குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் தட்டு இழுபட்டு அப்படியே நிற்க வேண்டும், மெதுவாகத் திரும்பினால் டயபிறம் கிழிந்திருக்கிறது.

கொயிலில் மீற்றர் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். பலாஸ்ற் (கொயிலுக்கு முன்னால் வரும் தடை) இல்லாத கொயிலின் சின்ன முனைகளுக்கு இடையே 3 ஓம் அளவு, பலாஸ்ற் உள்ளதற்கு 1.5 ஓம் அளவு. 3 ஓம் கொயிலைப் பலாஸ்ற் வயரோடு போட்டால் ஸ்பார்க் மெலியும். 1.5 ஓம் கொயிலைப் பலாஸ்ற் இல்லாமல் போட்டால் பொயின்ற் எரியும், கொயில் தொட முடியாமல் கொதிக்கும். கடையில் கேட்கும்போது எதுவென்று சொல்லிக் கேளுங்கள், '12 வோல்ற் கொயில் ஒன்று தாங்கோ' என்றால் இரண்டில் ஒன்று வரும். பொசிட்டிவ் எர்த்திலிருந்து மாற்றிய மொறிஸ்களில் கொயிலின் இரண்டு வயரும் மாறாமல் பழையபடியே இருப்பதும் உண்டு. கார் ஓடும், பாரத்தில் ஸ்பார்க் பற்றாது. இஞ்சின் ஓடும்போது கொயிலின் பிளஸ் முனை வோல்ற்றைப் பற்றரியோடு ஒப்பிடுங்கள். பலாஸ்ற் இல்லாத காரில் அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தால் இக்னிஷன் சுவிச்சும் அதன் இணைப்புகளும் தேய்ந்திருக்கின்றன.

பெற்றோலும் காற்றும்

ஸ்பார்க் பக்கம் சுத்தம் என்று உறுதியான பிறகுதான் கார்புரேற்றர். காற்றுக் கசிவுக்கு, மனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்திலும் கார்புரேற்றர் அடியிலும் சவர்க்காரத் தண்ணீரைச் சொட்டாக விடுங்கள். கசியும் இடத்தில் நுரை உறிஞ்சப்படும், ஒரு கணம் இஞ்சின் சத்தம் மாறும். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு, சூடான எக்ஸோஸ்ற்றுக்கு மேல் அது நெருப்பு. பிரேக் பூஸ்ற்றர் குழாயைக் குறடால் நசித்துப் பாருங்கள். நசித்ததும் ஐடில் சீரானால் கசிவு பூஸ்ற்றரில். அதோடு பிரேக்கும் ஆபத்து, அன்றே திருத்த வேண்டும்.

ஐடிலில் மட்டும் பிழை என்றால் ஐடில் ஜெற்றின் சோலனோயிட் வயரைக் கழற்றிப் பூட்டுங்கள். இக்னிஷன் போட்டிருக்கும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். ஜெற்றுக்குள் கம்பி விடாதீர்கள். துளையின் அளவு அதோடு கெட்டுவிடும், காற்று அடித்தால் போதும்.

2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று வாங்கிக் கானில் சேர்த்த பெற்றோல், மாதக் கணக்கில் அசையாமல் நின்ற கார்கள், அரைவாசி வெறும் தாங்கிக்குள் வியர்த்த தண்ணீர்: இவற்றின் துருவும் பிசினும் இன்னும் சில கார்களின் ஃபில்டரில் வந்துகொண்டிருக்கின்றன. கார்புரேற்றருக்குப் போகும் குழாயிலிருந்து கண்ணாடிப் போத்தலில் கால் லீற்றர் பிடித்துக் கால் மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு பிரிந்து நிற்கும். அப்படி நின்றால் தாங்கியின் வடிப்பு ஆணியைத் திறந்து அடிப் பெற்றோலை இறக்கிவிட்டுத்தான் ஃபில்டர் மாற்ற வேண்டும். சூட்டில் தடுமாறும் காருக்கு, பெற்றோல் குழாய் எக்ஸோஸ்ற்றை உரசிப் போகிறதா, பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவிலிருக்கும் தடித்த பேக்கலைற் துண்டை யாராவது கழற்றி எறிந்துவிட்டார்களா என்று பாருங்கள்.

இன்ஜெக்டர் உள்ள தொண்ணூறுகளின் கார்களிலும் முதல் வேலை அதேதான்: எந்தச் சிலிண்டர், பிறகு இடம் மாற்றல். அந்தக் காலக் கொம்பியூற்றர் எந்தச் சிலிண்டர் மிஸ் என்று சொல்லாது. நீண்ட ஸ்குறூ ட்ரைவரை இன்ஜெக்டரில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால் நாலும் ஒரே மாதிரித் தட்ட வேண்டும். தடை பெரும்பாலான ரொயொட்டாக்களில் 13 முதல் 14 ஓம், நாலும் ஒத்திருப்பதுதான் முக்கியம். ரொயொட்டாவின் சோதனைப் பெட்டியில் டிஈ1, ஈ1 முனைகளைச் சின்னக் கம்பியால் சேர்த்து இக்னிஷனைப் போட்டால் செக் இஞ்சின் விளக்கு மின்னிக் கோட் சொல்லும். 14 வந்தால் இக்னிஷன் சிக்னல்.

கம்பிரஷன்

இடம் மாற்றியும் மிஸ் அசையாத சிலிண்டருக்கு இதுதான் தீர்ப்பு. சூடான இஞ்சின், நாலு பிளக்கும் வெளியே, கொயிலின் வயர் கழற்றியபடி, அக்சிலேற்றர் முழுக்க மிதித்தபடி, ஸ்ராட்டரை ஐந்தாறு சுற்று. அக்சிலேற்றரை மிதிக்க மறந்தால் எல்லா எண்ணும் குறையக் காட்டி வீணாகப் பயமுறுத்தும். 4கே இஞ்சினுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 11 கிலோ, அதாவது சுமார் 156 பிஎஸ்ஐ. குறைந்தது 9 கிலோ, 128 பிஎஸ்ஐ. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எல்லாம் ஒன்றாகக் கொஞ்சம் குறைந்திருந்தால் கிழடு, மிஸ்ஸுக்குக் காரணம் அதுவல்ல. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்தப் பிளக் துளைக்குள் ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப எடுங்கள். ஏறினால் வளையம், ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கெற்.

ஹெட்டைக் கழற்றுமுன் வால்வு இடைவெளியைப் பாருங்கள். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நின்றது. ஈயம் எக்ஸோஸ்ற் வால்வின் இருக்கைக்கு ஒரு மெத்தை போல இருந்தது. ஜப்பானில் சாதாரணப் பெற்றோல் 1975இலேயே ஈயமில்லாமல் ஆனதால் அதன் பிறகு வந்த ஜப்பான் இஞ்சின்களுக்குக் கடினமான இருக்கைகள் இருக்கின்றன. மொறிஸ், ஒஸ்ரின் இஞ்சின்களின் பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில் அப்படி இல்லை. இருக்கை தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி சுருங்கும், ஒரு நாள் வால்வு முழுக்க மூடாது, சூடு போக வழியில்லாமல் விளிம்பு எரியும். டப்பற் (வால்வு இடைவெளியின் தட்டல்) சத்தமே கேட்காமல் அமைதியாக ஓடும் பழைய மொறிஸைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம்.

4கேக்கு, ஹைட்ரோலிக் டப்பற் இல்லாததென்றால், சூட்டில் இன்ரேக் 0.20 மிமீ, எக்ஸோஸ்ற் 0.30 மிமீ. மொறிஸ் மைனருக்குக் குளிரில் எல்லாம் 0.30 மிமீ. மொறிஸுக்கு இலகு வழி, திறந்து நிற்கும் வால்வின் எண்ணும் சரிபார்க்கும் வால்வின் எண்ணும் சேர்ந்து 9 வர வேண்டும்: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது 1ஐச் சரிபாருங்கள், 6 திறந்திருக்கும்போது 3ஐ. இறுகியிருந்த வால்வைச் சரிசெய்து, நூறு கிலோமீற்றர் ஓடி, கம்பிரஷனைத் திரும்ப எடுங்கள். ஏறியிருந்தால் தப்பினீர்கள். ஏறாவிட்டால் ஹெட் கழற்றத்தான் வேண்டும், கடின இருக்கை போடச் சொல்லி லேத்துக்குக் கொடுங்கள்.

திருத்திய பிறகு

மிஸ் போனதா என்பதை அது வந்த அதே நிலையில் பாருங்கள். ஏற்றத்தில் வந்ததென்றால் அதே ஏற்றம், அதே கியர். மழைக் காலையில் வந்ததென்றால் தெளிக்கும் போத்தல். நிலாவெளி போய் வந்து, ஐடிலில் நின்று கரி பிடிக்க விடாமல் உடனே நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றி ஒழுங்காக வரிசையில் அடுக்குங்கள். நாலும் ஒரே மண்ணிறமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் வேலை முடியவில்லை.

புதுப் பொயின்ற் போட்டவர்கள் 500 கிலோமீற்றரில் இடைவெளியைத் திரும்ப அளக்க வேண்டும். பொயின்ற்றின் குதிப் பகுதி கேமில் உரசிப் படியும்போது இடைவெளி சுருங்கும், டைமிங் பின்தங்கும். கேமில் தீக்குச்சித் தலையளவு கிறீஸ் தடவுங்கள். அதற்கு மேல் தடவினால் சூட்டில் தெறித்துப் பொயின்ற் முகத்தில் பட்டு, திரும்ப மிஸ்.